பேனை என்று நினைத்த பொருள்



போன கிழமை எங்கள் ஆசிரியர் ஓய்வறை மேசையில் ஒரு பொருள் கிடந்தது. இளஞ்சிவப்பு நிறம், விரல் நீளம், வழுவழுப்பான உடம்பு. முதல் பார்வையில் ஹைலைட்டர் பேனை என்றுதான் நினைத்தோம். ஒரு டீச்சர் மூடியைத் தேடினார். இன்னொரு சேர் பென்டிரைவ் என்றார். மூக்கருகே கொண்டுபோனால் ஸ்ட்ரோபெரி ஐஸ்கிரீம் வாசம். "நல்ல வாசமா இருக்கே" என்று எங்களில் ஒருவர் சொல்லியும் விட்டார்.

தரம் 10 மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் இருந்து வந்தது அது. வேப். இலத்திரனியல் சிகரெட்.

அந்த முதல் நிமிடத்தில் எங்களுக்கு வந்த எண்ணத்துக்காகத்தான் இதை எழுதுகிறோம். பயிற்சிக் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து, முப்பது வயதைத் தாண்டி, தினமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிற எங்களுக்கே அது அழகாகத் தெரிந்தது. பயம் வரவில்லை. அப்படியானால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இந்த நாட்டில் சிகரெட் பெட்டியைக் கையில் எடுத்தால் அதன் 80 வீதத்தை நோய்ப் படங்களும் எச்சரிக்கையும் பிடித்திருக்கும். பிள்ளை அதைப் பார்த்து முகம் சுளிக்கும். நாங்கள் பார்த்த வேப்பில் இருந்தது ஒரு ஸ்ட்ரோபெரிப் படம் மட்டுமே.

உள்ளே இருப்பது பெரிய மர்மம் இல்லை. ஒரு சிறிய லித்தியம் பற்றரி, ஒரு கம்பிச் சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு. இழுத்தால் சுருள் சூடாகும், திரவம் ஆவியாகும். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைச் சரக்குகள். பெரும்பாலானவற்றில் நிக்கொட்டினும் உண்டு.

சிகரெட்டுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. முதன்முதலாக சிகரெட் இழுத்தவருக்கு இருமல் வரும், தொண்டை எரியும். அதோடு விட்டவர்கள் நம் ஊரிலேயே பலர். இப்போதைய வேப்புகள் பலவற்றில் நிக்கொட்டினோடு ஒரு அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கி விடுகிறார்கள். அளவு கூடினாலும் தொண்டை அவ்வளவாக எரியாது. அந்த இருமல்தான் பிள்ளைக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலை எடுத்துவிட்டுத்தான் பொருளைக் கையில் கொடுக்கிறார்கள்.

"வெறும் ஆவிதானே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் பாவித்த 2,800க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்போடு வைத்தியசாலைக்கு வந்தார்கள். 68 பேர் மரணித்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்த்திருந்த ஒரு விட்டமின் ஈ எண்ணெய்தான் முக்கிய காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எல்லா வேப்பிலும் அது இல்லை. ஆனால் தான் இழுப்பதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நம் பிள்ளைக்கும் தெரியாது.

"சிகரெட்டை விட வேப் பரவாயில்லை" என்ற பேச்சும் உண்டு. பல வருடம் புகைத்து விட முடியாமல் தவிக்கிற பெரியவர் முழுமையாக மாறினால் பாதிப்புக் குறையலாம் என்று பிரித்தானிய வைத்தியர்கள் சொல்வது உண்மை. ஆனால் அதே பிரித்தானியா, பிள்ளைகள் கையில் இது பெருகியதைக் கண்டு, ஒருமுறை பாவித்து வீசும் வேப்புகளின் விற்பனையை 2025 ஜூனில் தடை செய்தது. ஒரு சிகரெட்டும் தொடாத பிள்ளைக்கு இது எதற்கு மாற்று?

இங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளை 2016இல் தடை செய்தார்கள். ஆனாலும் அந்தப் பொருள் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இனி அந்தப் பிள்ளையின் கதை. செய்தி அன்றைக்கே ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. "ஸ்கூலை விட்டு நிப்பாட்டுங்க" என்று எழுதினார்கள். பெயரையும் கேட்டார்கள். மறுநாள் உம்மா வந்தார். அதிபரின் அறையில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பேனை எண்டு நெனச்சி நான்தான் சேர் அத எடுத்து பேக்குக்குள்ள வெச்சி உட்டன்."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. நாங்களும் பேனை என்றுதானே நினைத்தோம்.

பிள்ளையை நிப்பாட்டவில்லை. அடுத்த வருடம் சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளை. வெளியே அனுப்பினால் அதை விற்றவனிடம்தான் போய் நிற்பான். அவனை உட்கார வைத்துக் கதைத்தோம். "சிகரெட் இல்லத்தானே சேர்" என்றான். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அப்படித்தான் நம்பியிருக்கிறான். நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவுமில்லை.

ஆகவே பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இவைதான். இந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அறையில் காரணமில்லாமல் பழ வாசம், இனிப்பு வாசம் வந்தால் கவனியுங்கள். கண்டால் அடிக்க முன் கதையுங்கள். பழகிவிட்ட பிள்ளைக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். வைத்தியரிடம் காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர்களே, இதை விளையாட்டுச் சாமான் போல் கொண்டுவராதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று. வாங்க வருகிற பிள்ளையின் வாப்பா உங்களோடு ஜும்ஆவில் ஒரே சப்பில் நிற்பவர்.

குரூப்பில் இருப்பவர்களிடமும் ஒன்று. பிள்ளையின் பெயரைக் கேட்காதீர்கள். யார் விற்றார் என்று கேளுங்கள்.