தக்கோலத்தை மறைத்துவிட்டுச் சிலை எதற்கு?

ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் தமிழகத்தில் பிரம்மாண்டச் சிலைகள் எழும் என்று 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் அறிவித்தார். மாநில அரசு அங்கே அருங்காட்சியகம் என்கிறது. வென்றவர்களைக் கொண்டாடுவதில் யார் முந்துவது என்று போட்டி. சோழர் தோற்ற இடத்தைப் பற்றி இரு தரப்பும் வாய் திறக்கவில்லை.

அந்த இடம் எங்கள் பருத்திப்பட்டுக்குத் தொலைவில்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறி அரக்கோணத்தில் இறங்கினால் தக்கோலம் பக்கம்தான். 949-ல் அங்கே ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் படையிடம், முதலாம் பராந்தகன் மகன் ராஜாதித்தன் யானைமேலேயே உயிர்விட்டான். தொண்டை மண்டலம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கைவிட்டுப் போனது.

கொன்றது யார்? கங்க மன்னன் பூதுகன் என்கிறது கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு. காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற வேட்டைநாய்க்கு, போர் முடிந்த கையோடு நட்ட கல் அது. கிருஷ்ணனின் அம்பு என்கிறது அரை நூற்றாண்டு கழித்து வந்த சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு. நான் நாய்க்கல்லைத்தான் நம்புவேன். தங்கள் இளவரசன் சிற்றரசன் கையால் சாகவில்லை, பேரரசன் கையால்தான் செத்தான் என்று சொல்லிக்கொள்ள வழிவந்தவர்கள் விரும்பியிருக்கிறார்கள்.

சீனாவைப் பாருங்கள். 383-ல் ஃபெய் ஆற்றங்கரையில், வடக்கை ஒரு குடையில் ஆண்ட ஃபூ ஜியனின் பெரும்படை தெற்கத்திய ஜின் படையிடம் சிதறியது. அந்தப் போரை விவரிக்கும் ஜின் வரலாறு, தாங் பேரரசர் தைசோங் ஆணையில் 648-ல் முடிந்தது. அதற்கு மூன்றாண்டு முன்புதான் அவருடைய படை கொரிய அரசான கொகுர்யோவிடம் முடியாமல் திரும்பியிருந்தது. பேரரசரின் போர் ஆசையைத் தணிக்கவே அவை அறிஞர்கள் பழைய தோல்வியை ஊதிப் பெருக்கினார்கள் என்று 1968-ல் மைக்கேல் ராஜர்ஸ் வாதிட்டார். ஏற்காதவர்கள் உண்டு. ஆனாலும் தோற்றவனின் கதையை அங்கே வரி வரியாகக் கிளறுகிறார்கள். நம் மேடைகளில் தக்கோலத்தின் பேரே கேட்பதில்லை. தோல்வியைக் கிளறி என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குத் தேவை சுவரொட்டி, வரலாறு அல்ல.

திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கேரளத்தில் பிறந்து ராஜாதித்தனுக்கு நெருங்கிய நண்பரான ஒருவர், அவனோடு களத்தில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று வெட்கி, சதுரானன பண்டிதர் என்ற துறவியானார். அதையும் வென்றவனான கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டு என்று குறித்துத்தான் பொறிக்க வேண்டியிருந்தது. தோல்வி எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

985-ல் பட்டமேறிய ராஜராஜன் நாட்டை வளநாடுகளாகப் பகுத்தான், 1001-ல் நிலம் அளக்க ஆணையிட்டான். இனியொரு தக்கோலம் நேரக்கூடாது என்ற அச்சமே அவனை அப்படி ஓட வைத்தது. சோழப் பேரரசு பிறந்த இடம் தஞ்சை அல்ல, தக்கோலம். சிலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் அந்த ஊருக்குப் போகட்டும். ஆதகூர்க் கல்லின் படியையும் ஆனைமங்கலச் செப்பேட்டின் வாசகத்தையும் அங்கே அருகருகே வையுங்கள்.