விசர்நாயை அறிந்துகொள்வோம்

விசர்நாய் என்றதும், நுரை தள்ளக் கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் நாயே எம் நினைவுக்கு வருகிறது. ஆனால், விசர்நோய் கண்ட நாய்கள் அனைத்தும் அப்படியிருப்பதில்லை. சில, தாடை தொங்க, விழுங்க முடியாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரங்கி அதன் வாய்க்குள் கைவிடுபவர் ஆபத்தை அறியார்.

கிருமி நரம்புவழியே மூளையைச் சென்றடையப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த அவகாசமே எமக்குள்ள வாய்ப்பு. அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரிது. எனவே, சிறு கீறலாயினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் மருந்தல்ல. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலமும் கடந்துவிட்டது.

1885இல் லூயி பாஸ்டர் மனிதருக்குத் தடுப்பூசி ஏற்றி வழிகாட்டினார். இன்றும் இந்நோயால் ஒரு குழந்தை இறக்குமெனில், அது நாயின் குற்றமன்று. நாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றாத எமது அசட்டையே என்பேன்.