நாள் தாண்டிட்டா அபராதத்தோடு முடியாதுங்க

 

ஆடி நெருங்குது. சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் பக்கம் உள்ள தோட்டத்துக் கோயில்களில் மேளக்காரர் கிடைக்கலை, ஐயர் கிடைக்கலை என்ற பேச்சு ஆரம்பிச்சாச்சு. கூடவே ஒரு யோசனையும் சொல்றாங்க: "இந்தியாவிலிருந்து வர இப்போ விசா வேண்டாமே. டிக்கெட் போட்டு வரவழைப்போம். நாள் தாண்டினா அபராதம் கட்டிக்கலாம், சாமி காரியம்தானே."

ஒரு தொண்டூழியனாக என் கருத்து: இது வேண்டாம்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது 30 நாளுக்கு, சுற்றிப் பார்க்கவும் சொந்தபந்தத்தைப் பார்க்கவும். வேலைக்கு இல்லை. சம்பளத்துக்குத் தட்சிணைன்னு பேர் மாத்தினாலும் வேலை வேலைதான். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் வரலாம். நம்ம சின்னக் கோயில் உண்டியல் தாங்குமா?

நாள் தாண்டித் தங்கினவருக்கு, குடிநுழைவுச் சட்டம் 15(4) பிரிவுப்படி குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "500 வெள்ளியில முடிஞ்சிடும்" என்று சிலர் சொல்வது, 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை அரசு நடத்திய தாயகம் திரும்பும் திட்டத்தை வைத்து. 2025 மே மாதம் அதன் இரண்டாம் கட்டமும் தொடங்கியது. அந்தப் பணம் வழக்கு இல்லாமல் ஊர் போய்ச் சேரத்தான். மறுபடி வர அது உரிமை தராது. கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால், புதுப் பாஸ்போர்ட் எடுத்தும் பயன் இல்லை. 2011 முதல் வெளிநாட்டவரின் கைரேகை நுழைவாயிலிலேயே பதிவாகுது.

ஒரு நாதஸ்வரக் கலைஞருக்கு மலேசியா, சிங்கப்பூர்த் திருவிழாக்களும் ஒரு வருமான வழி. நம்ம பத்து நாள் வசதிக்காக அவர் பிழைப்பையே அடைக்கலாமா? நாம் இங்கேயே இருப்போம். கஷ்டப்படப் போவது அவர் பிள்ளைகள்.

நம்ம பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போகிறோம் என்று சுற்றுலா அனுமதியில் போய் அங்கேயே தங்கிவிடும் தம்பிமார் இருக்காங்க. அங்கே விசா முடிந்து 28 நாளுக்கு மேல் தங்கிக் கிளம்பினால், பல விசாக்களுக்கு மூன்று வருஷத் தடை. அமெரிக்காவில் 180 நாள் தாண்டினால் மூன்று வருஷம், ஒரு வருஷம் தாண்டினால் பத்து வருஷம். பிறகு பல நாடுகளுக்கு மனு போடும்போது, "முன்பு அனுமதி மீறித் தங்கியதுண்டா?" என்ற கேள்வி வரும். மறைத்துப் பொய் சொன்னால் பிரிட்டனில் பத்து வருஷம் வரை மறுப்பார்கள். தங்கினதைவிடப் பொய்தான் பெரிய அடி.

அதனால் நிர்வாகத்தினருக்கும் பக்தர்களுக்கும் என் வேண்டுகோள்:

கலைஞர் வேணும்னா மாதக்கணக்கில் முன்கூட்டியே முறையான பாஸுக்கு மனு போடுங்க. கிடைக்காவிட்டால் உள்ளூர் மேளத்தோடு திருவிழா நடத்துவோம்.

வந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீங்க. அது கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். தேதியை மட்டும் குறித்து வைத்து, ஒரு வாரம் முன்பே ஞாபகப்படுத்துங்க.

உடம்பு முடியாமலோ விமானம் ரத்தாகியோ நாள் தாண்டும் நிலை வந்தால், ஒளியாதீங்க. மருத்துவமனைக் கடிதம், டிக்கெட் எல்லாம் எடுத்துக்கிட்டுக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரே போங்க. தானாகப் போனவருக்கும் பிடிபட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. அங்கே தரும் ரசீதைப் பத்திரமா வைங்க, பிறகு விசா கேட்கும்போது உண்மையைச் சொல்ல அதுதான் சாட்சி.

அம்மன் திருவிழாவுக்கு வந்த ஒருத்தர் அடுத்த வருஷமும் தலைநிமிர்ந்து வரணும். அப்படி அனுப்பி வைப்பதும் நம்ம தொண்டுதான்.

உங்கள் குடும்பத்தில் வெளிநாடு போகும் பிள்ளைகளிடமும் இதைக் காட்டுங்க. ஓம் சக்தி.