வர்த்தூர் ஏரி ஆகாயத்தாமரையில் இருந்து உலோகம் எடுக்க முடியுமா?

வைட்ஃபீல்டில் வேலை என்றால் வர்த்தூர் கோடி ஜங்ஷனை நீங்கள் ஒருமுறையாவது தாண்டியிருப்பீர்கள். 2015-ல் ஏரி நுரை காற்றில் பறந்து, வண்டியில் போகிறவர்கள் மேல் விழுந்த இடம் அதுதான். அதே வருஷம் மேல்புறம் இருக்கும் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்தே எரிந்தது. நுரை கண்ணுக்குத் தெரிந்ததால் செய்தியானது. அதே தண்ணீரில் வரும் குரோமியம், நிக்கல், காரீயம், காட்மியம் கண்ணுக்குத் தெரியாது.

ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை இந்த உலோகங்களை உறிஞ்சும். அப்போ செடியைப் பிடுங்கி, எரித்து, சாம்பலில் இருந்து உலோகத்தைப் பிரித்தால் ஏரியும் சுத்தம், கையில் காசும் வருமே? கேட்க நன்றாகத்தான் இருக்கு.

உறிஞ்சுவது உண்மை. அதன் வேர் இறகு மாதிரி அடர்த்தியாக, மெல்லிசாகத் தொங்கும். வேரின் செல் சுவரில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகள் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி உள்ளேயும் போகும். செடி அதைப் புரதத் துணுக்குகளால் கட்டி ஒரு மூலையில் பூட்டி வைத்துவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பெல்லந்தூர் ஏரியின் சேற்றிலும் நீர்த்தாவரங்களிலும் சேர்ந்திருக்கும் உலோகங்களை அளந்திருக்கிறது. 1990-களில் செர்னோபில் அருகே ஒரு குளத்தில் மிதவை மேல் சூரியகாந்தி வளர்த்து, வேர் வழியாகக் கதிரியக்க சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் எடுத்துக் காட்டினார்கள்.

சரி, காசு வருமா? ஒரு கணக்கு போடலாம். ஆகாயத்தாமரையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். ஒரு டன் பச்சைச் செடி காய்ந்தால் மிஞ்சுவது 50 கிலோ. தாராளமாகவே வைத்து, காய்ந்த செடியில் கிலோவுக்கு 1 கிராம் செம்பு இருக்கு என்போம். மொத்தம் 50 கிராம். விலை நூறு ரூபாயைத் தொடாது. அந்த ஒரு டன்னை லாரியில் ஏற்றி இறக்கவே அதைவிட அதிகம் ஆகும். மலேசியாவின் சபாவிலும் அல்பேனியாவிலும் செடி வழியாக நிக்கல் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். அவை நிலத்துச் செடிகள். காய்ந்த இலையிலேயே 1 சதவீதம், அதற்கு மேலும் நிக்கல் சேர்ப்பவை. நம்ம கணக்கைவிடப் பத்து மடங்கு.

ஆக, லாபக் கதை இங்கே எடுபடாது. கழிவு அடர்த்தியாக இருக்கும்போதே, தொழிற்சாலைக்குள்ளேயே பிடித்தால்தான் உலோகத்துக்கு மதிப்பு. தோல் பதனிடும் ஆலைகளில் குரோமியக் கழிவுநீரில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படிய வைத்து, அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. பாலாறு கெட்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், 1996-ல் தீர்ப்பு வந்தபிறகும் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

செடிக்கு வேலை அதற்கப்புறம் வருது. சுத்திகரித்த பிறகும் மிச்சமிருக்கும் நீர்த்த உலோகத்தை ரசாயனத்தால் எடுக்கச் செலவு எகிறும். செடி அதைச் சும்மா செய்யும். ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் ஒரு சதுப்புப் பகுதி வழியாகப் போய்த்தான் ஏரியில் சேர்கிறது. அங்கே முக்கிய லாபம் நைட்ரஜன், பாஸ்பரஸ் குறைவது. ஆனால் அமைப்பு இதேதான்.

உலோகத்தில் பெரும்பங்கு வேரில்தான் இருக்கும். மெஷின் மேலாக அறுத்துவிட்டு வேரைத் தண்ணீரிலேயே விட்டால், அது அழுகி எல்லாம் திரும்பச் சேற்றுக்கே போகும். பிடுங்கியதைக் கரையில் குவித்தால் அடுத்த மழை கழுவிக் கொண்டுவரும். உரமாக்கினால் கீரைப் பாத்திக்குப் போய், அங்கிருந்து உங்கள் தட்டுக்கு வரலாம். அதனால் ஏரியைச் சுத்தம் செய்ததாகப் படம் வந்தால், எத்தனை டன் எடுத்தார்கள் என்பதோடு அதை எங்கே கொட்டினார்கள், உலோகப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.

வர்த்தூரில் வழியும் தண்ணீர் தட்சிண பினாகினியில் சேர்ந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நம்ம ஊரில் அதற்குப் பெயர் தென்பெண்ணை. கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டிக் கடலூர் வரை அந்த ஆற்றை நம்பி வயல்கள் இருக்கின்றன.