வழிச்சோறு



கோடை இதழ் என்றாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையேறிவிடுவது பத்திரிகைகளின் வழக்கம். எங்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இந்த முறை ஆசிரியர் குழுவில் ஒருவர், "வெயிலுக்குப் பயந்து ஓடுறதை விட்டுட்டு, வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு ஒரு தடவை போனா என்ன?" என்றார். அப்படித்தான் மரக்காணம் போனோம். அலுவலக நண்பர்கள், அவர்கள் வீட்டார், ஒரு மாமியார், இரண்டு அத்தைகள், அவர்களுக்கு நடுவே சொருகப்பட்ட பிள்ளைகள் என்று வேன் நிறைந்துவிட்டது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கல்பாக்கம் தாண்டி, கடப்பாக்கம் தாண்டிப் போகப் போக ரிசார்ட்டுகள் ஓய்ந்துவிடும். பிறகு பனை, சவுக்கு, தர்ப்பூசணிக் குவியல்கள். மரக்காணத்தை நெருங்கும்போது வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், வரப்பில் குவித்த உப்பு, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் இருக்கிற பெயர் இந்த ஊர் உப்புக்கு இல்லை. புதுச்சேரிக்கு விரைகிறவர்கள் கார்க் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். காரணம் சொல்கிறேன்.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பயணக் கையேடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இந்தச் சாலைக்கு உரியது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு இன்றைக்கும் அதே பெயரில், மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடப்பாக்கத்தை உள்ளடக்கிய பேரூராட்சியாக இருக்கிறது. அதாவது பாடியவர் உள்ளூர்க்காரர். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். 269 அடிகள். இந்த அடிகளை உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டாக அச்சில் ஏற்றியிருக்காவிட்டால், இன்று இந்தப் பக்கத்தில் நான் வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

கிலோமீட்டர் கணக்கில்லாத காலத்துப் பாட்டு. எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதுதான் அதில் தூரக்கணக்கு. முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம். இதுதான் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிரேக்கக் கடலோடி ஒருவன் எழுதிய பெரிபுளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறையும் இதுவே என்று சொல்வோர் உண்டு. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள கட்டைகள் ஒட்டகம் படுத்துறங்குவதுபோல் கிடக்கும் என்கிறார் நத்தத்தனார். இந்தக் கரையில் வாழ்ந்த புலவருக்கு ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். துறைமுகத்துக்காரருக்குத் தெரியாத விலங்கு ஏது! அந்த மணக்கட்டையை விறகாக்கி, மீனவப் பெண்களான நுளைச்சியர் அடுப்பு மூட்டுவார்கள். அரித்தெடுத்த பழந்தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும் போகிற இடமெல்லாம் கிடைக்கும் என்று பாணன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறான்.

அடுத்தது வேலூர். ரயில் நிற்கிற அந்த வேலூர் அல்ல, பக்கத்திலுள்ள உப்புவேலூர் என்பார்கள். அங்கே வேட்டுவர் வீட்டில் புளிச்சோறும் காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும். அதற்கப்புறம் வயல் சூழ்ந்த ஆமூர். அங்கே உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை விட்டு வழிமறிப்பாள். சாப்பிடாமல் போகவிடமாட்டாள். உலக்கையின் இரும்புப் பூண் தேயத் தேயக் குத்திய அரிசிச் சோறு, அதற்குத் துணையாக நண்டு. இதையெல்லாம் தாண்டித்தான் நல்லியக்கோடனின் கிடங்கில். திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அரண்மனையில் வீமன் எழுதிய சமையல் நூலில் சொன்னபடி பக்குவம் பார்த்த விருந்து, பொற்கலத்தில். அரசன் கூட நின்று உண்ணச்செய்வான். என் நாக்கைக் கேட்டால் ஆமூர் நண்டுச்சோற்றோடு நின்றுவிடும். வீமபாகத்துக்காக ஒரு வேளை பட்டினி கிடந்து நடக்க அது சம்மதிக்காது.

இந்தப் பயணத்தில் பாணன் தனியாள் இல்லை. சுற்றம் முழுவதும் கூட வருகிறது. நடந்து களைத்த பெண்களின் கால்களை இளைஞர்கள் வருடிவிடுகிறார்கள். உமணர்கள் உப்பு வண்டியில் குடும்பத்தோடு போவதும் இதே பாட்டில் வருகிறது; அந்தக் காட்சி நடப்பது பாண்டிநாட்டுக் கொற்கைப் பக்கம். வண்டியோடு வந்த குரங்கு ஒன்று உமணப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. எங்கள் வேனின் பின் இருக்கையை அன்று பார்த்திருந்தால் நத்தத்தனார் இன்னும் நாலு அடி சேர்த்திருப்பார்.

பாட்டில் இன்னொரு இடம் இருக்கிறது. பரிசு பெறுவதற்கு முன் அந்தப் பாணன் வீட்டு நிலைமை. கூரை இற்றுப்போன அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அடுத்த வீட்டார் பார்த்துவிடக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய சுற்றம் முழுவதும் அதைப் பகிர்ந்து உண்கிறது. உப்பு விளையும் கடற்கரைக்குப் பக்கத்து ஊர்க்காரர், வறுமைக்கு அளவுகோலாக உப்பில்லாத கீரையை எடுத்திருக்கிறார். இதைப் படித்த பிறகு மரக்காணத்தைத் தாண்டும்போது வேனை நிறுத்தாமல் போக மனம் வரவில்லை.

நிறுத்தினோம். நடுப்பகலில் உப்பளத்தில் ஆள் அதிகம் இருக்காது. வெயிலுக்கு முந்திக்கொள்வதற்காக விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வரப்பில் நின்றிருந்த பெரியவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அந்த நீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டினால்தான் நாம் உண்ணும் உப்பு படியத் தொடங்கும். அதற்காக உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் முற்றவைக்கிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்துகள் கீழே தங்கிவிடும். பிறகு உப்பு பூக்கும். கடைசியில் மிஞ்சுகிற நீரில் மெக்னீசியம் உப்புகள். அதை நேரத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும். "அளத்துல வேலை பாதி, நேரம் பாக்குறது பாதி" என்றார் பெரியவர். ஒரு பையன் பாத்திநீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு முகம் சுளித்தான். பெரியவர் சிரித்தார். அவர் பாதத்தைப் பார்த்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தோல் வெடித்துத் தடித்திருந்தது.

தை, மாசி வாக்கில் தொடங்கிப் புரட்டாசி வரையில்தான் இந்தத் தொழில். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் குளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கோடையில் நாம் "அப்பாடா" என்று வரவேற்கிற ஒரு மழை, இங்கே பல நாள் வெயிலைக் கரைத்துக் கொண்டுபோய்விடும்.

சரி, சோற்றுக்கு வருவோம். வேனுக்குள் அதுதான் பெரிய பஞ்சாயத்து. பிள்ளைகள் கைப்பேசியில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாலரை இருந்தால் போகலாம், மூன்றரை என்றால் வேண்டாம். பெரிய அத்தை எதிலும் சேராமல் இறங்கிப்போய், சாலையோரம் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, கட்டிக்கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் மீன் விலை. கடைசியாக, "எங்க குந்திச் சாப்பிடலாம்?" அந்தம்மா கையை நீட்டினார். "நேரா போங்க. பனைமரம் தாண்டி ஒரு ஓலைக் கொட்டா. மீனை வாங்கிக் குடுத்தா கொழம்பு வெச்சுக் குடுக்கும் அந்தப் பொண்ணு. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நத்தத்தனாரின் பாணனும் இதைத்தானே சொன்னான்!

கோடையில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கான காலம். அந்த நாள்களில் பெரிய வஞ்சிரத்தைக் கேட்டு அடம்பிடித்தால் எங்கிருந்தோ பனிக்கட்டியில் வந்ததைத்தான் போடுவார்கள். சிறு படகில் கரையோரம் பிடித்த மீன், கழியில் கிடைக்கிற மடவை, இறால், நண்டு, இல்லாவிட்டால் கருவாடு. இவற்றைக் கேட்டு வாங்குகிறவரே கெட்டிக்காரர். எங்களுக்கு வாய்த்தது மடவை வறுவல், கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. சைவக்காரரான மாமியாருக்குக் கீரையும் ரசமும் தனிப்பாத்திரத்தில் வந்தன; அந்தப் பெண் கேட்காமலே தனிக் கரண்டி போட்டிருந்தாள். இலை பற்றாமல் போனதால் பிள்ளைகள் இருவர் இருவராக ஒரே இலையில் உட்கார்ந்தார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வரையில் சண்டை வராதது அதனால்தான் என்பது என் கட்சி. அசதி என்கிறார் துணையாசிரியர்.

உப்புக்கும் வழிச்சோற்றுக்கும் இன்னொரு பழைய கதை உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் நூறு பேரளவில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார்கள். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்கள், இடம் கொடுக்கிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். தஞ்சைச் சீமைக்காரர்களிடம் போய் விருந்தாளிக்குச் சோறு போடாதே என்றால் நடக்கிற காரியமா? சாலையோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் எந்தச் சட்டப்படி பிடிப்பது! ஏப்ரல் 28இல் படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டுச் சாலையோரச் சாப்பாட்டு வரலாற்றை யாராவது எழுதினால், அந்தப் பொட்டலங்களுக்கு முதல் அத்தியாயம் கொடுக்க வேண்டுகிறேன்.

சாப்பிட்ட பிறகு ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். கடப்பாக்கத்திலிருந்து கடலோரமாகக் கொஞ்சம் உள்ளே. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் எழுந்து, 1750இல் டூப்ளே வழியாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. ஒரு காலத்தில் நாணயம் அடித்த இடம். இப்போது செங்கல் சுவர்கள், ஆலமர வேர்கள், கழிமுகத்தில் சிறு படகுகள். மாலைக் காற்றில் அங்கே சுண்டல் சாப்பிடலாம். காகிதத்தை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். பறவை பார்க்கிற ஆசையுள்ளவர்கள் மார்கழி, தையில் போனால் கழுவேலிக்கும் போகலாம். தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் ஒன்று. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் போன கோடையில் நீரும் குறைவு, பறவையும் குறைவு. பிள்ளைகள் தூரத்து வெள்ளைப் பையொன்றைப் பூநாரை என்று சாதித்தார்கள்; நானும் மறுக்கவில்லை.

இந்த இதழில் கருவாட்டுக் குழம்புக் குறிப்பு இருக்கிறது. அத்தை சொன்னபடியே போட்டிருக்கிறோம்; "உப்பு: கருவாட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு" என்பது அச்சுப்பிழை அல்ல. உங்கள் குடும்பமோ நண்பர்களோ சேர்ந்துபோன வழியில் சாப்பிட்ட ஒரு வேளையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். கடையின் புகைப்படம் கட்டாயமில்லை. அந்த இடத்தை உங்களுக்குக் கைகாட்டியவர் யார், என்ன சொல்லிக் காட்டினார் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்