கார் ஷெட்டில் ஒரு விமானம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேடன் நகரம். அங்கே மேற்கு மூன்றாவது தெருவில் ஓர் அண்ணனும் தம்பியும் வாடகைக்கு இடம் பிடித்து சைக்கிள் கடை நடத்தி வந்தார்கள். சைக்கிள் விற்பது, ரிப்பேர் பார்ப்பது, சொந்தமாகச் சில மாடல்களைத் தயாரிப்பது. இதுதான் தொழில். மிச்ச நேரத்தில் அதே கடையில் இறக்கைக்கான மரச் சட்டங்களை இழைத்தார்கள். கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஒரு பெட்ரோல் எஞ்சின் செய்து தந்தார். அதைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று வடக்கு கரோலினா கடற்கரை மணலில் அந்த இயந்திரம் மனிதனைச் சுமந்துகொண்டு தரையை விட்டுக் கிளம்பியது.

ஆக, ரைட் சகோதரர்களின் விமானம் பெரிய தொழிற்சாலை எதிலும் பிறக்கவில்லை. கடைகளும் வீடுகளும் கலந்த ஒரு சாதாரணத் தெருவில் உருவானது. அதற்காக அவர்கள் நகரசபைக்கு மனுப் போடவில்லை. எந்தத் தெருவில் எதைச் செய்யலாம் என்று ஊர் முழுவதையும் கட்டம் போட்டுப் பிரிக்கும் சட்டம் அப்போது அமெரிக்காவில் கிடையாது.

இப்போது இருக்கிறது. ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் விமானம் கட்ட ஆசைப்பட்டால், வானத்துக்குப் பொறுப்பான மத்திய அரசு சரி என்கிறது. தெருவுக்குப் பொறுப்பான நகரசபையோ முடியாது என்று சொல்லக்கூடும். இரண்டுமே சட்டப்படி சரி என்பதுதான் விசித்திரம்.

ஒரே ஆண்டில் இரண்டு

இந்தப் பிளவுக்கு ஒரு தேதி உண்டு. 1926 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் விமான வர்த்தகச் சட்டத்தை நிறைவேற்றியது. விமானங்களைப் பதிவு செய்வதும் விமானிகளுக்கு உரிமம் தருவதும் மத்திய அரசின் வேலையானது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. இதுவும் ஒஹையோ மாநில விவகாரம்தான். கிளீவ்லாந்து நகரை ஒட்டிய யூக்ளிட் என்ற கிராமம், குடியிருப்புக்கு இந்தப் பகுதி, தொழிலுக்கு அந்தப் பகுதி என்று நிலத்தைப் பிரித்து விதி போட்டிருந்தது. தொழிற்சாலைகளுக்கு விற்கலாம் என்று நிலத்தை வைத்திருந்த ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி வழக்குப் போட்டது. கிராமம் ஜெயித்தது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து ஓர் உவமை சொன்னார். தொழுவத்தில் இருந்தால் பன்றியால் தொந்தரவில்லை. வரவேற்பறைக்குள் வந்துவிட்டால் அதே பன்றி தொல்லை. பொருள் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை, இடம் தவறாக இருந்தாலே போதும் என்பது இதன் சாரம். அமெரிக்க நகரங்களின் மண்டல விதிகள் எல்லாம் இந்தத் தீர்ப்பின் மீது நின்றுகொண்டிருக்கின்றன.

அரைகுறையாகக் கட்டிய விமானம் இதில் எந்த வகை? வரவேற்பறையில் பன்றியா, கார் ஷெட்டில் தச்சு வேலையா? விதி எழுதியவர்கள் யாரும் இந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வானம் திறந்த கதை

மத்திய அரசின் சம்மதமும் சுலபத்தில் கிடைத்ததல்ல. 1930-களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக, மத்திய அரசின் உரிமம் பெற்ற விமானங்கள் மட்டுமே பறக்கலாம் என்று சட்டம் போட்டன. வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்த உரிமம் கிடைக்காது. கொஞ்சம் இடம் கொடுத்தது ஒரிகன் மாநிலம். அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போகார்டஸ், 'லிட்டில் ஜீ பீ' என்ற ஒற்றை ஆள் விமானத்தில் 1947-ல் நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டனுக்கே பறந்து போய் அதிகாரிகளிடம் வாதாடினார். வீட்டில் கட்டிய விமானம் தாங்குமா என்ற கேள்விக்கு அவர் வந்து சேர்ந்த விதமே பதில். 1950-களின் தொடக்கத்தில் விதி மாறியது. அந்த விமானம் பின்னர் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1953-ல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கத்தின் ஆரம்ப கால ஆபீஸும் அவர் வீட்டு நிலவறைதான்.

இன்று அமெரிக்காவில் இப்படித் தனி மனிதர்கள் கட்டிப் பதிவு செய்த விமானங்கள் 30,000-க்கும் மேல். விதி எளிமையானது. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். கற்றுக்கொள்வதற்காக அல்லது பொழுதுபோக்குக்காகச் செய்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் என்பதால் இதை '51 சதவீத விதி' என்கிறார்கள். முடிந்ததும் மத்திய விமானத் துறை வந்து பார்த்துச் சான்றிதழ் தரும்.

வேலையின் அளவைப் பார்த்தால் கார் ஷெட் ஏன் அவசியம் என்று புரியும். இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறு விமானத்துக்கு, பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கினாலும், 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு சாதாரணம். வாரத்துக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் நாலு வருஷம். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டு, குழந்தைகளைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று சேர்த்துச் சேர்த்துச் செய்கிற வேலை. விமான நிலையத்தில் கொட்டகை வாடகைக்கு எடுத்தால், வாடகையைவிடப் போய்வரும் நேரம்தான் ஆளைக் கொல்லும். அதனால் வீட்டிலேயே இறக்கை தனி, உடல் தனி என்று கட்டிவிட்டு, கடைசியில் லாரியில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டுகிறார்கள். வீட்டிலிருந்து யாரும் பறப்பதில்லை. தெருவைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய அலமாரி செய்கிற வேலை.

விதி பிடிக்கும் விதம்

'வீட்டில் விமானம் கட்டக் கூடாது' என்று பெரும்பாலான ஊர்களின் விதிப் புத்தகத்தில் நேரடியாக எழுதியிருக்காது. வேறு வேலைக்காக எழுதிய விதிகளில்தான் ஆள் மாட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் எழுதினால் நகரசபை இன்ஸ்பெக்டர் வருவார். அவர் கையில் சாதாரணமாக நாலு விதிகள் இருக்கும்.

முதலாவது, வீட்டில் தொழில் நடத்துவது பற்றியது. இரண்டாவது, ஓடாத, பதிவு இல்லாத வண்டிகளை வாசலில் போட்டு வைக்கக் கூடாது என்பது. மூன்றாவது, கொட்டகையின் அளவு. நாலாவது, எளிதில் தீப்பற்றும் திரவங்களைச் சேர்த்து வைப்பது.

முதல் இரண்டும் வேடிக்கையானவை. விமானம் கட்டுவது தொழிலாக இருக்கவே கூடாது என்றுதான் மத்திய விதி சொல்கிறது. காசுக்காகக் கட்டினால் அந்த வகையில் சான்றிதழே கிடையாது. அப்படிப்பட்ட வேலையை நகரசபை 'வீட்டுத் தொழில்' என்ற தலைப்பில் பிடிக்கிறது. அதேபோல, விமானம் முடிந்த பிறகுதான் அதற்குப் பறக்கச் சான்றிதழ். கட்டி முடிக்காத வரை அது ஓடாத வண்டி. துருப்பிடித்த பழைய கார்களைத் தெருவிலிருந்து அகற்ற எழுதிய விதி, இன்னும் பிறக்காத விமானத்தையும் காயலான் கடைச் சரக்காகப் பார்க்கிறது.

போதாக்குறைக்கு, குடியிருப்போர் சங்கங்கள். வீடு வாங்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தத்தில் வேலியின் நிறம் முதல் கார் ஷெட் கதவு திறந்திருக்கலாமா என்பது வரை இருக்கும். இது சட்டமல்ல, ஒப்பந்தம். அதனால் நகரசபையிடம் விலக்குக் கேட்டு வாங்கினாலும் சங்கத்திடம் செல்லாது.

பக்கத்து வீட்டுக்காரர் கட்சியும் கேட்கப்பட வேண்டியதே. அலுமினியத் தகட்டில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். கம்ப்ரஸர் விட்டு விட்டு உறுமும். கண்ணாடி இழையும் ரெஸினும் கொண்டு கட்டினால் சத்தம் குறைவு, ஆனால் நெடி. பெயின்ட் அடிக்கும் நாள் இன்னும் மோசம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில், நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் வீட்டில், நாலு வருஷம் என்பது நீண்ட காலம். பாதியில் ஆர்வம் போய், இறக்கை தோட்டத்தில் மழையில் கிடக்கிற வீடுகளும் உண்டு. நகரசபை தலையிடுவது வெறும் வக்கிரத்தால் அல்ல.

கோர்ட் போட்ட கோடு

வழக்கு என்று போனால் கட்டுபவருக்குச் சாதகம் குறைவு. பறக்கும் நேரத்தில் உள்ளூர் தலையிட முடியாது. கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானங்கள் கிளம்பத் தடை போட்டது. 1973-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனால் நிலத்தின் கதை வேறு. மிச்சிகன் மாநிலத்தில் லேக் ஏஞ்சலஸ் என்ற சிற்றூர், தன் ஏரியில் நீர் விமானம் இறங்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. 1996-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், எங்கே இறங்கலாம் என்பது ஊர் முடிவு செய்யும் விஷயம் என்று சொல்லிவிட்டது. இறங்கும் இடமே ஊர் கையில் என்றால், கட்டும் ஷெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேறொரு பொழுதுபோக்குக்குக் கிடைத்த பாதுகாப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டு மாடியில் உயரமான ஏரியல் வைக்கும் ஹாம் ரேடியோக்காரர்களும் இதே நகரசபைகளோடுதான் மல்லுக்கட்டினார்கள். 1985-ல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம், அவர்களுக்கு நியாயமான அளவு இடம் கொடுத்தாக வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகங்களுக்குச் சொன்னது. விமானம் கட்டுகிறவர்களுக்காக அப்படி யாரும் சொல்லவில்லை.

வசதி உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1946-ல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் 'சியரா ஸ்கை பார்க்' என்ற குடியிருப்பு உருவானது. ஓடுபாதையை ஒட்டி வீடுகள். தெருவில் காரும் போகும், விமானமும் ஊர்ந்து போகும். இப்படிப்பட்ட குடியிருப்புகள் இன்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அங்கே ரிவெட் சத்தத்துக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் வீட்டில் விமானம் கட்டும் பழக்கமே, புதிய விமானம் வாங்க முடியாதவர்கள் கண்டுபிடித்த வழி. அவர்களிடம் போய், ஓடுபாதை ஓரத்தில் வீடு வாங்கிக்கொள் என்றால் அது பதிலா?

காந்திவலி மொட்டை மாடி

இந்தியாவில் கதை தலைகீழ். மும்பை காந்திவலியில் தன் குடும்பம் வசித்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார் அமோல் யாதவ். ஜெட் ஏர்வேஸில் விமானியாக இருந்தவர். பாகங்களைக் கிரேன் வைத்து இறக்கி, 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தபோதுதான் நாடு அதைப் பார்த்தது. அவருக்கு முட்டுக்கட்டையாக வெளியே தெரிந்தது தெரு அல்ல, வானம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவுக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார். மகாராஷ்டிர முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவீஸ் தலையிட்ட பிறகு 2017 நவம்பரில் பதிவு கிடைத்தது. பறந்து பார்க்க அனுமதி 2019 அக்டோபரில். பதிவு எண் வி.டி.-என்.எம்.டி. பிரதமர், முதலமைச்சர் இருவரின் பெயர் எழுத்துகளையும் நன்றியாக அதில் சேர்த்திருந்தார்.

அமெரிக்காவில் வானத்துக்கு விதி தெளிவு. தெருவில் விமானம் என்ற சொல்லே விதியில் இல்லை. மும்பையில் மாடியில் வேலை நடந்துவிட்டது. வானத்துக்குப் போகும் வழி தெரிய முதலமைச்சர் வேண்டியிருந்தது. எந்தத் தலைப்பிலும் அடங்காத ஒன்றை ஒரு மனிதன் செய்யும்போது, முடிவு விதியின் கையில் இல்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் மனநிலை முடிவு செய்கிறது. இங்கே மேலிடத்துச் செல்வாக்கு. இரண்டுமே நல்லதல்ல.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அல்ல. பொருளின் பெயரைப் பார்க்காமல், அதனால் வரும் தொல்லையை மட்டும் விதி அளக்கலாம். இரவு எட்டு மணிக்கு மேல் ரிவெட் அடிக்கக் கூடாது. ரெஸினும் பெயின்ட்டும் இத்தனை லிட்டருக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது. தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். எஞ்சினை வீட்டில் ஓட்டக் கூடாது. ஷெட்டுக்கு வெளியே எதையும் போட்டு வைக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் முடியாவிட்டால் மறுபடி வந்து அனுமதி கேட்க வேண்டும். கட்டில் செய்கிறவருக்கும் விமானம் கட்டுகிறவருக்கும் இதே விதி பொருந்தும். தெருமுனை கிரில் பட்டறையோடு தினமும் சண்டை போடும் இந்திய நகரவாசிக்கும் இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும், இறக்கையும் முடியும்.

ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை இப்போது டேடனில் இல்லை. 1937-ல் ஹென்றி ஃபோர்டு அந்தக் கட்டடத்தையே பெயர்த்து எடுத்து, மிச்சிகன் மாநிலம் டியர்போர்னில் தான் அமைத்த கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பையனுக்கு, நாமும் ஷெட்டில் ஒன்று கட்டினால் என்ன என்று தோன்றலாம். அவன் முதலில் படிக்க வேண்டியது விமான வரைபடத்தை அல்ல, ஊர் விதிப் புத்தகத்தை.