கேட்டவர்களும் பாடியவர்களும்

1994இல் ஸ்பெயினின் சீலோஸ் மடத்துத் துறவிகள் கிரகோரியன் பாடல்களை, அதாவது இலத்தீன் வழிபாட்டின் பழைய பாடல்களை, பாடிய ‘சாண்ட்’ இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. புதிய பதிவுகூட இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பதிவானவற்றின் தொகுப்பு. பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கட்டு கிடையாது. மன அழுத்தத்துக்கு மருந்து என்று விளம்பரம் செய்தார்கள், லட்சக்கணக்கில் விற்றது. 2008இல் ஆஸ்திரியாவின் ஹைலிகன்க்ரொய்ஸ் மடத்து இசைத்தட்டுக்கும் நல்ல வரவேற்பு. இரண்டு அலைகளும் சில ஆண்டுகளில் அடங்கின.

அந்த ரசிகர்களை நாம் குறைசொல்லவில்லை. காதில் விழாத இசையை யாரும் தேடிப் போவதில்லை. ஆனால் கிரகோரியன் பாடல் ஒவ்வொன்றும் ஒரு நாளுக்கும் ஒரு வேளைக்கும் உரியது. உயிர்ப்பு விழாப் பாடலும் இறந்தோர் திருப்பலிப் பாடலும் இசைத்தட்டில் அடுத்தடுத்து ஒலிக்கும்போது, இரண்டும் ஒரே மங்கலான அமைதியாகிவிடுகின்றன. அமைதி மட்டுமே வேண்டியவருக்கு அடுத்த ஆண்டு வேறொரு தட்டு போதும்.

நிலைத்த மறுமலர்ச்சி ஒன்று உண்டு. பிரான்சின் சொலெம் மடத்தில் 1833இல் கெராஞ்சே என்னும் குரு துறவு வாழ்வை மீட்டபோது, பாடல் புத்தகங்களில் இருந்தவை வெட்டிக் குறுக்கப்பட்ட மெட்டுகள். அவருடைய துறவிகள் ஐரோப்பிய நூலகங்களின் சுவடிகளைத் தேடிப் படியெடுத்தார்கள், பின்னர் படம்பிடித்தார்கள். அந்தச் சுவடிகளின் படங்களை அச்சிட்ட ‘பாலியோகிராஃபி முசிக்கால்’ தொகுதிகள் 1889இல் வரத் தொடங்கின. ஒரே ஒரு பாடலை இருநூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகளிலிருந்து அச்சிட்டுக் காட்டினார் அம்மடத்துத் துறவி மொக்கெரோ: நாடுகளும் நூற்றாண்டுகளும் மாறியும் மெட்டு பெரிதும் மாறவில்லை என்று நிறுவ அவ்வளவு உழைப்பு! 1901இல் பிரெஞ்சுச் சட்டம் அவர்களை இங்கிலாந்துக்குத் துரத்தியது. அங்கும் வேலை நிற்கவில்லை. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கிரகோரியன் பாடலை மக்களிடம் திரும்பக் கொடுக்கச் சொன்னார். 1908இல் பாடல் புத்தகத்தின் வத்திக்கான் பதிப்பு வந்தது. சுவடிகளின் பழைய சுரக்குறிகளை அதன் மெட்டுகளுக்கு மேலும் கீழும் சேர்த்த ‘கிராதுவாலே திரிப்ளெக்ஸ்’ 1979இல்தான் வெளியானது. இவ்வளவு நீண்ட ஆய்வு சோர்ந்துபோகாததற்குக் காரணம், கண்டுபிடித்ததை அன்றாடம் தாங்களே பாடியதுதான் என்று நம்புகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கிரகோரியன் பாடலுக்கு வழிபாட்டில் முதன்மை இடம் தந்தது. ஆயினும் பெரும்பாலான பங்குகளில் அது மறைந்தது. தாய்மொழி வழிபாட்டின் மேல் பழி போடுவது நியாயமல்ல. மக்கள் தம் மொழியில் மன்றாடுவதே முறை. பல ஊர்களில் இலத்தீன் பாடல் பாடகர் குழுவோடு நின்றுவிட்டது. குழு கலைந்ததும் பாட்டும் போயிற்று. இதை உணர்ந்தவர்போல் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எளிய பாடல்களின் சிறு தொகுப்பொன்றை உலகின் ஆயர்களுக்கெல்லாம் அனுப்பினார். சபை முழுவதும் பாடக்கூடிய மெட்டுகள் அவை.

நம் ஊர்க் கோயில்களிலும் இலத்தீன் திருப்பலி பாடி வளர்ந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பாடகர் குழு நடத்தும் நண்பர்களே, அவர்களை அழைத்து உட்காரவைத்து, ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று மன்றாடும் ஒரு ‘கீரியே’யையாவது குழந்தைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.